மலேசியாவுக்கு இரண்டு நண்பர்கள், ஆளுக்கு 50,000 ரூபாய்

கேள்வி: குடியாத்தத்தில் வசிக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. நானும் என் பள்ளிக்கால நண்பனும் ஆளுக்கொரு முதுகுப்பையுடன் பத்து நாள் மலேசியாவைச் சுற்றிவர ஆசைப்படுகிறோம். ஆளுக்கு 50,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். வேலூரில் ஒரு டிராவல்ஸில் விசாரித்ததற்கு, நான்கு இரவு ஐந்து பகல் பேக்கேஜ் 46,000 ரூபாய், இன்றே 20,000 முன்பணம் கட்டினால்தான் இந்த விலை என்கிறார்கள். கட்டலாமா? நாங்களே ஏற்பாடு செய்துகொள்ளலாமா?

பதில்: கட்ட வேண்டாம். பத்து நாள் ஊர் சுற்ற நினைப்பவர்களுக்கு ஐந்து நாள் பேக்கேஜ் எதற்கு? பேக்கேஜ் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் ‘இன்றே கட்டினால்தான்’ என்று அவசரப்படுத்தும் இடத்தில் எதையுமே வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எந்த விமானம், எத்தனை மணிக்கு, எந்த ஓட்டல், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதெல்லாம் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் வர வேண்டும். அது இல்லாமல் யாரோ ஒருவரின் கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டால், பிறகு முறையிடப் போகும்போது காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

பேக்கேஜில் இன்னொரு விஷயமும் உண்டு. டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் சேர்த்து ஒரே இடத்தில் வெளிநாட்டுச் சுற்றுலாவாக வாங்கினால் அதன்மேல் டிசிஎஸ் என்ற வரியை, அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரியை, பிடிப்பார்கள். அந்தப் பணம் உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனாலும் புறப்படும் நேரத்தில் உங்கள் 50,000-ல் ஒரு பகுதி முடங்கிப்போகும். டிக்கெட்டை ஓரிடத்திலும் அறையை வேறோரிடத்திலும் தனித்தனியாக வாங்கினால் இந்தப் பிடித்தம் இல்லை.

ஆகவே நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். முதலில் டிக்கெட். விலை ஒப்பிட்டுக் காட்டும் தளங்களில் பாருங்கள், ஆனால் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். நேரம் மாறினாலோ விமானம் ரத்தானாலோ இடையில் ஓர் ஏஜென்ட் இருந்தால், அவர் விமான நிறுவனத்தைக் கேள் என்பார், நிறுவனம் ஏஜென்டைக் கேள் என்னும்.

திரையில் தெரியும் விலையை அப்படியே நம்பாதீர்கள். மலிவு விலை விமானங்களில் பெரும்பாலும் கையில் எடுத்துச் செல்லும் பைக்கு 7 கிலோ மட்டும்தான் அனுமதி, அளவுக்கும் வரம்பு உண்டு. கவுன்ட்டரில் எடை கூடினால் அங்கே கேட்கும் கட்டணம், வாங்கும்போதே சேர்த்திருந்தால் ஆகும் கட்டணத்தைவிட மிக அதிகம். வீட்டில் பையை முழுதாக அடுக்கி, தெருமுனை மளிகைக் கடைத் தராசிலாவது ஒருமுறை வைத்துப் பாருங்கள். திரும்பும்போது மைலோவும் சாக்லேட்டும் வாங்கிவருவீர்கள் என்பதால் திரும்பும் டிக்கெட்டில் மட்டும் கவுன்ட்டரில் ஒப்படைக்கும் பெட்டிக்கான கட்டணம் சேர்ப்பது புத்திசாலித்தனம்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சென்னையும் பெங்களூரும் காட்பாடியிலிருந்து நேர் ரயில் தூரத்தில் இருக்கின்றன. இரண்டு ஊர்களிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, இரண்டு விலையையும் பாருங்கள். பெங்களூரு விமான நிலையம் நகரத்துக்கு வெளியே தேவனஹள்ளியில் இருக்கிறது, ரயிலை விட்டு இறங்கிய பிறகும் வெகுதூரம் போக வேண்டும். சென்னையில் சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோ நேரே விமான நிலையத்துக்குப் போகும். ஆனால் மெட்ரோ இரவு முழுவதும் ஓடாது. நள்ளிரவு விமானம் என்றால் மாலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஆயிரம் ரூபாய் மலிவு என்று பெங்களூரில் டிக்கெட் எடுத்துவிட்டு அதை டாக்ஸிக்குக் கொடுப்பதில் என்ன லாபம்?

விசா விஷயத்தில் 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போய்வரலாம். இது காலவரை வைத்துத் தரப்படும் சலுகை. டிக்கெட் எடுக்கும் முன் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். போய் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணமே கிடையாது. கூகுளில் தேடினால் மேலே வரும் தனியார் தளங்கள் ‘சேவைக் கட்டணம்’ என்று டாலரில் வசூலிக்கின்றன. அரசுத் தளம்தானா என்று முகவரியைப் படித்த பிறகே எதையும் நிரப்புங்கள். திரும்பும் டிக்கெட், முதல் சில நாட்களுக்கான தங்குமிட ரசீது, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றை அச்செடுத்து வைத்திருங்கள். விசா வேண்டாம் என்பதற்காகக் கேள்வியே கேட்க மாட்டார்கள் என்று பொருளில்லை. சரியான பதில் இல்லாதவர்களை இறங்கிய இடத்திலிருந்தே திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

பணம் மாற்றுவதைச் சென்னை விமான நிலையத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள், அங்கே விலை உங்களுக்குச் சாதகமாக இருக்காது. வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வருவோரால் வேலூர் ஆஸ்பத்திரிப் பக்கம் அந்நியச் செலாவணி மாற்றும் கடைகள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள இரண்டு மூன்று கடைகளில் மலேசியப் பணமான ரிங்கிட் என்ன விலை என்று ஒரே நாளில் கேளுங்கள், ரசீது இல்லாமல் மாற்றாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் செலவுக்கு மட்டும் நோட்டு போதும்.

மற்றதற்குக் கார்டு. நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு வழக்கமாக மூடியே இருக்கும், வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறந்து வரம்பு வைக்க வேண்டும். பல வங்கிகள் ஒவ்வொரு வெளிநாட்டுச் செலவின்மேலும் 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுத்து, அதற்கு ஜிஎஸ்டியும் போடுகின்றன. உங்கள் வங்கியில் எவ்வளவு என்று இப்போதே கேளுங்கள். அங்கே கடையிலோ ஏடிஎம்மிலோ ‘ரூபாயில் கணக்கிடவா, ரிங்கிட்டிலா?’ என்று திரை கேட்கும். ரூபாய் என்றதும் நமக்குப் பழகிய பணம் என்று கை அதில்தான் போகும். ரிங்கிட்டையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அந்த இயந்திரக்காரர் வைத்ததுதான் விலை.

கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு விரைவு ரயில் 55 ரிங்கிட். பஸ்ஸில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது, ஒரு மணி நேரத்தில் நகரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் இறக்கிவிடும். அதை அடுத்தே பிரிக்பீல்ட்ஸ் என்ற பகுதி, தமிழில் பேசி வாழை இலையில் சாப்பிடலாம். பத்துமலைக்கு அங்கிருந்தே உள்ளூர் ரயில் போகிறது. அறை பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குகிறார்கள். இணையத்தில் காட்டும் விலையில் இது பெரும்பாலும் சேராது.

கேள்வி: நண்பர்கள் இருவருக்கும் ஒரே கார்டில் சேர்த்து டிக்கெட் போடலாமா? நண்பனின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. (ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தனித்தனியாக எடுங்கள். இருவரில் ஒருவருக்கு லீவு கிடைக்காமல் போவது சாதாரணமாக நடப்பதுதான். அவர் டிக்கெட்டை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ரத்து செய்து வரும் தொகையோ பணம் கட்டிய கார்டுக்குத்தான் போகும். அங்கேதான் மனக்கசப்பு தொடங்குகிறது. யார் விலகினாலும் அவரவர் டிக்கெட் நஷ்டம் அவரவருக்கு, சேர்ந்து எடுத்த அறையில் விலகுகிறவர் தன் பங்கைத் தர வேண்டும் என்று இப்போதே வாட்ஸ்அப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நட்பில் இதெல்லாம் எதற்கு என்று தயங்க வேண்டாம்.

பணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது நம் விமானப் போக்குவரத்துத் துறையின் கண்காணிப்பு அமைப்பான டிஜிசிஏவின் விதி. இந்திய விமான நிறுவனத்தில் எடுத்திருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். தராமல் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.

பெயர் விஷயத்தில், இனிஷியல் வைத்து எழுதும் நம் பழக்கத்தை டிக்கெட்டில் கொண்டுவராதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் அப்படியே வர வேண்டும். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் முன் அவர்களிடம் கேட்டு, வந்த பதிலைப் படமெடுத்து வைத்திருங்கள்.

கேள்வி: பயணக் காப்பீடு தேவையா? போன இடத்தில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க நினைக்கிறோம். (ஆம்பூர் வாசகர்)

பதில்: கட்டாயம் எடுங்கள். பை தொலைந்தால் எவ்வளவு என்று பார்ப்பதை விட, மருத்துவமனைச் செலவுக்கும் அவசரமாக ஊருக்குக் கொண்டுவருவதற்கும் எவ்வளவு தருவார்கள் என்று பாருங்கள். ஸ்கூட்டர் ஓட்ட, இங்கே ஆர்டிஓ அலுவலகத்தில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். ஓராண்டு செல்லும். உங்கள் உரிமத்தில் இரு சக்கர வாகனம் இருந்தால்தான் அதிலும் வரும். அனுமதி இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும், வாடகைக்குக் கொடுத்தவர் காகிதம் கேட்கவில்லை என்பது அங்கே செல்லாது. வியட்நாம் போகிறீர்கள் என்றால் இந்த அனுமதியும் உதவாது. இந்தியா தருவது சாலைப் போக்குவரத்து பற்றிய 1949 சர்வதேச உடன்படிக்கையின்படியான அனுமதி, வியட்நாம் ஏற்பது 1968 உடன்படிக்கையின்படியானது. அங்கே பஸ்ஸிலும் ரயிலிலும் போங்கள்.