சக்கர நாற்காலியோடு விமானம் ஏறுவது: கேள்வி பதில்

கேள்வி: மோட்டார் நாற்காலியின் லித்தியம் பேட்டரியில் 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று இருக்கிறது. ஏற்றுவார்களா?

பதில்: இரண்டையும் பெருக்குங்கள்: 240 வாட்-மணி. கழற்றும் வகையில் ஒரே பேட்டரி என்றால் 300 வரை சரி. இரண்டு பேட்டரியில் ஓடும் நாற்காலி என்றால் ஒவ்வொன்றும் 160-ஐத் தாண்டக்கூடாது. கழற்றியது உங்களோடு கேபினுக்குள் வர வேண்டும்; முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்பே எழுத்தில் வாங்குங்கள். லேபிள் தேய்ந்திருந்தால் கவுண்டரிலேயே சிக்கல்.

கேள்வி: என்னுடையது 24 வோல்ட், 20 ஆம்பியர்-மணி?

பதில்: அதே பெருக்கல்தான்: 480. கேபினுக்குள் வராது.

கேள்வி: நாற்காலி உடையாமல் வர என்ன வழி?

பதில்: கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவதுதான் பெரிய கேடு, கழன்று வரும் கைப்பிடி எடையைத் தாங்காது. எடை, எங்கே பிடித்துத் தூக்குவது, மோட்டாரை விடுவிக்கும் நெம்புகோல் எங்கே என்று படத்தோடு ஒரு தாளில் எழுதி, முதுகுச் சாய்வில் கட்டுங்கள். ஜாய்ஸ்டிக், குஷன், கால்தாங்கி மூன்றையும் கழற்றிக் கேபினுக்குக் கொண்டுபோங்கள். ஒப்படைக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். சேதம் இருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் புகார் கொடுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதப் புகாருக்கான அவகாசம் 7 நாள்தான்.

கேள்வி: கொஞ்ச தூரம் நடப்பேன். நாற்காலி உதவி கேட்கலாமா?

பதில்: தாராளமாக. பயணப் பதிவில் நெடுந்தூரம் மட்டும் முடியாதவருக்கு டபிள்யூ.சி.எச்.ஆர். (WCHR), படியும் ஏற முடியாதவருக்கு எஸ். (WCHS), இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டியவருக்கு சி. (WCHC) என்று முடியும் குறியீடு.

இன்னொருவர்: நடக்கிறவர்கள் எல்லாரும் கேட்பதால்தான் எங்களைப் போன்றவர்கள் கடைசிவரை காத்திருக்கிறோம்!

பதில்: உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் இலக்கு தவறு. மூட்டுவலியும் இதய நோயும் வெளியே தெரியாது; அவர்களுக்காகவே முதல் குறியீடு. உங்களைக் காக்க வைப்பது ஆள் பற்றாக்குறையும் தவறான பதிவும்தான். சி. பயணியை ஆர். என்று பதிந்தால் விமானத்துக்குள் செல்லும் ஒடுக்கமான நாற்காலி தயாராக இருக்காது. 48 மணி நேரம் முன்பே அழைத்து, உங்கள் பதிவில் எந்த எழுத்து இருக்கிறது என்று கேளுங்கள்.

அதே நபர்: அப்போதும் சண்டைதானே!

பதில்: சண்டையை நிறுவனத்தோடு போடுங்கள், பக்கத்துப் பயணியோடு வேண்டாம்.

கேள்வி: கழிப்பறைத் தொல்லைக்குப் பயந்து தண்ணீரை நிறுத்திவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கும் காலில் ரத்தம் உறைவதற்கும் அது வழி. தண்டுவடத்தில் 6-ஆம் மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ (T6) அதற்கு மேலோ காயமுள்ளவர்களுக்கு நிரம்பிய சிறுநீர்ப்பையே ரத்த அழுத்தத்தை ஆபத்தாக ஏற்றும். சிறுநீர் வடிகுழாய் போடும் நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: காற்றுக் குஷன்?

பதில்: உயரத்தில் காற்று விரியும். மேலே போனதும் குஷனிலிருந்து சிறிது காற்றை இறக்குங்கள், தரையிறங்கியதும் நிரப்புங்கள்.

கேள்வி: 36 வோல்ட் பேட்டரி ஏற்றுவார்களா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஆம்பியர்-மணி தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது.