கேள்வி கேட்டால் விசுவாசம் போய்விடுமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 26 வயது. பக்தியான கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறுதோறும் சிறுபிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித் தருகிறேன். சில மாதங்களுக்கு முன் அக்காவுக்குக் குழந்தை பிறந்து, திருமுழுக்கு கொடுப்பதற்குள் இறந்துவிட்டது. துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர், "ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை மோட்சம் சேராது" என்று அக்கா காதுபடவே சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் செபமே வரவில்லை. செபமாலையை எடுத்தாலே கோபம் வருகிறது. ஒரு பாவமும் அறியாத குழந்தையை ஒதுக்குகிற கடவுளை எப்படி நம்புவது? இப்படி நினைப்பதே பாவமோ என்று பயந்து நற்கருணை வாங்காமல் இருக்கிறேன். அம்மாவிடம் சொன்னால் உடைந்துபோவார். நான் என்ன செய்ய?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

உங்கள் குடும்பத்தின் இழப்பு மிகப் பெரியது. அதன்மேல் அந்தச் சொல்லும் விழுந்திருக்கிறது. உங்கள் கேள்விக்குப் பதில் இருப்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

உறவினர் சொன்னது திருச்சபையின் போதனை அல்ல. திருமுழுக்குப் பெறாத குழந்தைகள் மோட்சமும் நரகமும் அல்லாத 'லிம்போ' என்ற நிலையில் இருப்பார்கள் என்று பல நூற்றாண்டுகளாகப் பேசப்பட்டது உண்மை. ஆனால் அது விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதே இல்லை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1261ஆம் எண்ணைப் படியுங்கள். இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைத்து, அவர்களுக்கும் மீட்பின் வழி உண்டு என எதிர்நோக்கச் சொல்கிறது அது. சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன இயேசுவின் கனிவையே காரணமாகக் காட்டுகிறது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஒப்புதலோடு 2007இல் வெளியான வத்திக்கான் இறையியல் ஆணைய ஆவணமும் இதையே விரிவாகப் பேசுகிறது. நிச்சயமாகத் தெரியும் என்று அது சொல்லவில்லை. எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்கிறது.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். அதே மறைக்கல்வி நூல், 2088ஆம் எண்ணில், வேண்டுமென்றே நம்ப மறுப்பதையும், புரியாமல் தயங்கித் தவிப்பதையும் வேறுபடுத்துகிறது. உங்களுடையது தவிப்பு. பிரெஞ்சுக் கன்னியாஸ்திரியான புனித குழந்தை தெரேசா 1896 ஈஸ்டர் காலத்திலிருந்து மறு ஆண்டு இறக்கும்வரை, மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற இருளில் கிடந்தார். அவரைத்தான் 1997இல் திருச்சபை, தனக்கே ஆசிரியராக மதிக்கும் மறைவல்லுநராக அறிவித்தது.

கோபமும் துக்கத்தின் ஒரு முகம்தான். அதை அடக்கிக்கொண்டு செபமாலை சொல்லப் பார்ப்பதால்தான் இன்னும் திணறுகிறது என்று நினைக்கிறேன். கொஞ்ச நாள் 88ஆம் திருப்பாடலை மட்டும் வாசியுங்கள். முறையீடாகவே போய் இருளிலேயே முடிகிற பாடல் அது. விவிலியத்தில் அதற்கும் இடம் இருக்கிறது.

நற்கருணை விஷயத்தைத் தனியே முடிவு செய்யாதீர்கள். பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று அவசரமாகச் சொல்லவும் வேண்டாம். பங்குத்தந்தையிடம் தனியாக நேரம் கேளுங்கள். ஒருவர் அதட்டினால் இன்னொரு குருவானவரைப் பாருங்கள். மறைக்கல்வி வகுப்பிலிருந்து சில வாரம் விடுப்பு எடுப்பதிலும் தவறில்லை. தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

அம்மாவிடம் பிறகு சொல்லலாம். அக்காவிடம் இந்த வாரமே போங்கள். அந்தச் சொல்லை உங்களைவிட அதிகமாகச் சுமப்பவர் அவர். 1261ஆம் எண்ணை இருவரும் சேர்ந்து படியுங்கள். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால், அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள்.