டைலர், டாபா எல்லாம் வகுப்பறைக்கு எதற்கு?

கேள்வி: பி.எட். படிக்கிறேன். கலைத்திட்டத்தின் (curriculum) அடிப்படைகள், அணுகுமுறைகள், டைலர் மாதிரி, டாபா மாதிரி என்று ஒரு தாள் முழுக்க வருகிறது. பாடநூலை அரசு தருகிறது, நாம் நடத்தப் போகிறோம். அப்புறம் ஆசிரியர் இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும்?

பதில்:

நீலகிரியில் 22 ஆண்டுகளாக அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். முதலில் கூடலூர்ப் பக்கம் இடைநிலை ஆசிரியர். இப்போது கோத்தகிரி வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். நானும் இந்தப் பகுதியை மனப்பாடம் செய்துதான் எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் அது எதற்கு என்று புரிவதற்கு ஒரு வெப்பமானி தேவைப்பட்டது.

கோத்தகிரிக்கு வந்த முதல் ஆண்டு. நீரின் கொதிநிலை பாடம். ஸ்பிரிட் விளக்கு, பீக்கர், வெப்பமானி எல்லாம் எடுத்து வைத்துச் செய்து காட்டினேன். அளவைப் படிக்க ஒரு மாணவியைக் கூப்பிட்டேன். நீர் தளதளவென்று கொதிக்கிறது, அவள் குனிந்து பார்த்து "94 டீச்சர்" என்றாள். இன்னும் கொஞ்சம் பொறு என்றேன். ஐந்து நிமிடம் கழித்தும் 94தான். வெப்பமானி சரியில்லை போல, 100 என்று எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டேன். அவள் நோட்டில் எழுதியிருந்த 94ஐ ரப்பரால் அழித்துவிட்டு 100 என்று எழுதினாள். நோட்டுத் திருத்தும்போது அந்த 100க்கு அடியில் 94 மங்கலாகத் தெரிந்தது. அதன் மேலேயே சரி போட்டேன்.

வெப்பமானி சரியாகத்தான் இருந்தது. கடல் மட்டத்தில்தான் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்கும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், அப்படியானால் 94. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே 92க்கும் 93க்கும் நடுவில். இது எனக்குத் தெரியாத விஷயமா என்றால், இல்லை. கல்லூரியில் படித்ததுதான். ஆனால் பாடநூலில் இருந்த 100 என் கண்ணை மறைத்துவிட்டது. அந்தப் பெண் கண்ணால் கண்டதை அழிக்கச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கேட்பதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாடநூல் வேறு, பாடத்திட்டம் வேறு, கலைத்திட்டம் வேறு என்று முதல் அலகிலேயே படித்திருப்பீர்கள். என் அனுபவத்தில், பள்ளியில் ஒரு பிள்ளைக்கு உண்மையில் என்ன நடக்கிறதோ அதுவே கலைத்திட்டம். அன்றைக்கு என் வகுப்பில் பாடநூல் கொதிநிலையைச் சொன்னது. நான் கற்றுக்கொடுத்தது வேறு: நீ பார்த்ததைவிட புத்தகம் சொல்வதே உண்மை. இதற்குத்தான் மறைமுகக் கலைத்திட்டம் என்று பெயர். அமெரிக்கக் கல்வியாளர் பிலிப் ஜாக்சன் இதை 1968லேயே எழுதிவைத்தார். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக வரும். வகுப்பில் அது தினமும் நடக்கிறது.

அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அவரைப் பாதிதான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். 1949ல் வந்த சின்னப் புத்தகம் அவருடையது. என்ன நோக்கம், அதற்கு என்ன அனுபவங்கள், அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதா என்று எப்படி அறிவது என நான்கு கேள்விகள். எல்லோரும் இந்த நான்கை மட்டும் ஒப்பிப்போம். ஆனால் நோக்கத்தை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு அவர் மூன்று இடங்களைக் காட்டுகிறார்: கற்பவர், அவரைச் சுற்றியுள்ள வாழ்க்கை, பாட வல்லுநர்கள். முதலில் வருவது கற்பவர். இந்த மூன்று இடங்களிலிருந்தும் வந்ததைத் தத்துவம், உளவியல் என்ற இரண்டு சல்லடைகளில் சலித்து எடுக்கச் சொல்கிறார். நீங்கள் படிக்கும் தத்துவ அடிப்படை, உளவியல் அடிப்படை, சமூகவியல் அடிப்படை என்ற தலைப்புகள் இங்கேதான் பொருந்துகின்றன. மூன்று தனித்தனிக் கட்டுரைகளாக அவற்றைப் படித்தால் ஒட்டவே ஒட்டாது.

கற்பவரை அறிவது என்றால் என்ன? கூடலூரில் என் ஒன்றாம் வகுப்பில் பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பையன் வந்தான். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். அதே அறையில் பணியர் மொழி, காட்டுநாயக்கர் மொழி, மலையாளம், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் தமிழ் என்று நாலு வகைப் பேச்சு இருந்தது. என் தமிழ் அவனுக்கு எட்டவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. 'எண்ணத் தெரியவில்லை' என்று பதிவேட்டில் எழுதினேன். ஒருநாள் மதியம் சத்துணவுக் கூடத்தில் முட்டை பரிமாறும்போது, சமையல் செய்யும் அக்கா அவனிடம் அவன் பேச்சிலேயே ஏதோ கேட்டார். அவன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை விரலால் சுட்டிக்கொண்டே போனான், கூடையைப் பார்த்தான், நான்கு விரலைக் காட்டினான். நான்கு முட்டை குறைந்தது. சரியாக நான்கு.

என் பதிவேட்டில் இருந்தது அவனைப் பற்றிய தகவலே அல்ல. அப்புறம் அந்த அக்காவை வாரம் இரண்டு நாள் கணக்குப் பாடத்தில் பத்து நிமிடம் வந்து உட்காரச் சொன்னேன். மேலே அனுமதி கேட்கவில்லை. இதைத் தாய்மொழி வழிக் கல்வி, உளவியல் அடிப்படை, சமூகவியல் அடிப்படை, எந்தத் தலைப்பின் கீழ் வேண்டுமானாலும் உங்கள் விடைத்தாளில் எழுதலாம்.

அதே கூடலூரில்தான் இன்னொன்றும் நடந்தது. தமிழ்நாடு பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையால் மழை பெறுகிறது என்று பாடம். மாநிலம் முழுமைக்கும் பார்த்தால் சரிதான். ஆனால் நான் அதை நடத்தியது ஜூலை மாதம், ஓட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. "அப்போ இது எந்த மழை டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் பெரிது. மலையின் இந்தப் பக்கம் கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில் வருவது முக்கியம். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கதை. பாடநூல் எழுதுகிறவரால் ஒவ்வொரு ஊரின் மழையையும் எழுத முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் ஆசிரியர்.

ஹில்டா டாபா இங்கேதான் வருகிறார். எஸ்டோனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர், டைலருடன் சேர்ந்து வேலை செய்தவர். 1962ல் அவர் எழுதிய புத்தகத்தில் கலைத்திட்டம் மேலிருந்து இறங்க வேண்டியதில்லை, ஆசிரியர் தம் வகுப்புக்கென்று ஓர் அலகை உருவாக்குவதில் தொடங்கி மேலே போகட்டும் என்கிறார். அவருடைய ஏழு படிகளில் முதல் படி நோக்கம் அல்ல, தேவையைக் கண்டறிவது. இந்த ஒரு வேறுபாடு போதும், மற்ற ஆறும் தானாக நினைவில் நிற்கும்.

கொதிநிலைப் பாடத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் எப்படி மாற்றினேன் என்று சொல்கிறேன், படிகளை நீங்களே பொருத்திப் பாருங்கள். முதலில் பாடநூலைத் திறக்காமல் ஒரு கேள்வி கேட்டேன்: மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் பருப்பு சீக்கிரம் வேகிறது, நம் வீட்டில் குக்கர் இல்லாமல் ஏன் வேக மாட்டேன் என்கிறது? பிள்ளைகளுக்கு இது தெரியும், காரணம் தெரியாது. தேவை எங்கே என்று அதிலேயே தெரிந்துவிட்டது. உயரம், அழுத்தம், கொதிநிலை மூன்றுக்கும் தொடர்பு புரிய வேண்டும் என்று நோக்கத்தை எழுதிக்கொண்டேன். என்னோடு படித்த தோழி மேட்டுப்பாளையத்தில் ஆசிரியை. இருவரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் போனில் பேசிக்கொண்டே இரண்டு பள்ளியிலும் நீரைக் கொதிக்கவைத்தோம். அங்கே 99, இங்கே 94. ஊட்டியில் மாமா வீட்டுக்குப் போன ஒரு பையன் வெப்பமானியைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் 93 என்று எழுதிக்கொண்டு வந்தான். மூன்று புள்ளிகளையும் வரைபடத் தாளில் வைத்துக் கோடு போட்டார்கள். கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால் கடல் மட்டத்தில் கிட்டத்தட்ட 100 வந்து நின்றது. ஓ என்று வகுப்பே கத்தியது. அதற்கு அப்புறம்தான் பாடநூலைத் திறந்தோம்.

மதிப்பீடு என்ற கடைசிப் படியில்தான் சிக்கல். காலாண்டுத் தேர்வு வினாத்தாள் எல்லோருக்கும் பொது. அதில் கேட்டால் 100தான் விடை. "கடல் மட்டத்தில் 100 டிகிரி" என்று இரண்டு சொல் சேர்த்து எழுதச் சொன்னேன். முழு மதிப்பெண்ணும் கிடைத்தது, விடையும் முன்பைவிடச் சரியானது.

அணுகுமுறைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பாடத்தை மையமாகக் கொண்டது, கற்பவரை மையமாகக் கொண்டது, வாழ்க்கைச் சிக்கலை மையமாகக் கொண்டது என்று மூன்று வகை எழுதச் சொல்வார்கள். எந்தப் பள்ளியிலும் இதில் ஒன்று மட்டும் தனியாக ஓடாது. தமிழ்நாட்டு உதாரணம் எழுதினால் திருத்துபவருக்கும் பிடிக்கும். 2007-08ல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றலில் பாட அட்டைகளும், அடுத்து எந்த அட்டை என்று காட்டும் ஏணிப்படி அட்டவணையும் வைத்துப் பிள்ளை அவரவர் வேகத்தில் முன்னேறும். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் மலைப் பள்ளிக்கு அது பெரிய துணையாக இருந்தது, அட்டைகளைப் பராமரிப்பதுதான் கஷ்டம். 2022ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குகிறோம். இரண்டும் கற்பவர் மையம். ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான மாநிலக் கலைத்திட்டக் குழு 2017ல் பணியைத் தொடங்கி, 2018-19 முதல் படிப்படியாக வந்த புதிய பாடநூல்களில் பாட அறிவின் தரம் நன்றாகவே உயர்ந்தது. அது பாட மையத்தின் பலம். பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்பது 2005 தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தின் முதல் வழிகாட்டும் கொள்கை. எங்கள் ஊரில் அதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். மழையில் நனைந்த இலைக்கு எடையில் எவ்வளவு கழித்தார்கள் என்று வீட்டில் பேசுவதைக் கேட்டே பிள்ளைகள் வளர்கிறார்கள். விகிதமும் சதவீதமும் அங்கேயே இருக்கின்றன.

பாடநூலை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது உண்மை. ஆனால் எதில் தொடங்குவது, எந்த உதாரணம், யார் பேசுவது, பிள்ளை சொன்ன 94ஐ என்ன செய்வது, இவையெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கும். இதை முடிவு செய்கிறவர் கலைத்திட்டம் உருவாக்குகிறவர்தான்.

கற்பித்தல் பயிற்சிக்கு எந்தப் பள்ளி என்று தெரிந்ததும், சேர்வதற்கு முன்பே ஒரு நாள் சாயங்காலம் பள்ளி விடுகிற நேரத்துக்கு அங்கே போய் நில்லுங்கள். பிள்ளைகள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள், யார் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள், தங்களுக்குள் என்ன மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். முடிந்தால் ஒரு பிள்ளையோடு வீடு வரை நடந்து போங்கள். முதல் பாடக்குறிப்பை அதற்கு அப்புறம் எழுதினால் போதும்.