இன்டர்வியூவில் உடம்பைப் பற்றிக் கேட்டால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 26. இரண்டு காதிலும் கருவி அணிகிறேன். போன மாதம் கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைக்கு இன்டர்வியூ போனேன். பேச்சில் பாதி என் காதைப் பற்றித்தான். “பிறவியிலேயே இப்படியா? கல்யாணம் ஆனால் பிள்ளைக்கும் வருமா? ஆஸ்பத்திரிக்குப் போக மாதம் எத்தனை நாள் லீவு எடுப்பீர்கள்?” என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. இனிமேல் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? புகார் கொடுக்க முடியுமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: பதில் சொன்னது உங்கள் தவறு இல்லை. வேலை கேட்டுப் போன இடத்தில் யாருக்கும் சட்டென்று மறுக்க வராது.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்வாய்ஸ் சரிபார்ப்பவரின் காது எந்த வயதில் மந்தமானது என்பது எதற்கு? பிள்ளையைப் பற்றிய கேள்வி இன்னும் மோசம். உடற்குறையோடு திருமணத்தையும் பிள்ளைப்பேற்றையும் சேர்த்து இழுக்கிறது. மூன்றாவது கேள்வி கொஞ்சம் வேறு. ‘வேலைக்கு ஒழுங்காக வருவாரா’ என்ற கவலை முதலாளிக்கு இருக்கலாம். ஆனால் அதை ஆஸ்பத்திரியோடு முடிச்சுப் போட்டு உங்களிடம் மட்டும் கேட்டது தவறு. “மாதக் கடைசியில் மூன்று நாள் இரவு எட்டு மணி வரை இருக்க வேண்டும், முடியுமா?” என்று வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்டிருக்கலாம்.

அடுத்த முறை உடம்பைப் பற்றிய கேள்விக்கு வேலையைப் பற்றிய பதிலைக் கொடுங்கள். “என் காது இந்த வேலைக்குத் தடையாக இருக்காது. சப்ளையர்களோடு பெரும்பாலும் மின்னஞ்சலில் பேசுவேன், ஆன்லைன் கூட்டங்களில் நேரடி வசனவரி போட்டுக்கொள்வேன். மாதக் கணக்கு முடிப்பதில் உங்கள் குழு எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறது?” கடைசியில் உங்கள் கேள்வி ஒன்று இருக்கட்டும், பேச்சு திரும்பவும் காதுக்குப் போகாமல் அதுதான் தடுக்கும். பிள்ளை, கல்யாணம் என்று வந்தால், “அதற்கும் இந்த வேலைக்கும் தொடர்பு தெரியவில்லையே, இந்த வேலையில் எதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்று சொன்னால் பதில் சொல்கிறேன்” என்று மெதுவாகக் கேளுங்கள். இங்கே இன்டர்வியூ பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆகவே இந்த இரண்டு பதில்களையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள்.

உட்காரும் இடத்தையும் கவனியுங்கள். கேட்பவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் அவர் முகம் இருட்டாகிவிடும். உதடு பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. ஏர்கான் காற்று நேராக அடிக்கும் நாற்காலியில் கருவி அந்த இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும். “இந்தப் பக்கம் உட்காரட்டுமா, உங்கள் முகம் தெரிந்தால் நன்றாகக் கேட்கும்” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு கேள்வி பாதி காதில் விழுந்து தப்பாகப் பதில் சொன்னால், ‘இவருக்குப் புரியவில்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

புகார் கொடுக்கலாம். வெளியே வந்த உடனே, ரயிலில் உட்கார்ந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, நேரம், இடம், கேட்டவர்களின் பெயரும் பதவியும், கேட்ட சொற்கள் அப்படியே. ‘காதைப் பற்றி இழிவாகப் பேசினார்’ என்று எழுதினால் பயன் குறைவு. அவர் வாயிலிருந்து வந்த வாக்கியம்தான் வேண்டும். வேலை விளம்பரத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆள் கிடைத்ததும் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள், வேலைக்கு என்ன கேட்டார்கள் என்று காட்ட வழியில்லாமல் போகும். வாட்ஸ்அப் செய்திகளையும் மறுப்புக் கடிதத்தையும் அழிக்காதீர்கள். இவற்றோடு, நியாயமான, முற்போக்கான வேலை நியமனங்களுக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் இணையத்தில் முறையிடலாம். அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் அமைப்பு அது. எல்லாரும் டஃபெப் என்று சொல்வது அதைத்தான். நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிகளை மீறும் நிறுவனத்தின் வேலை அனுமதிச் சலுகைகளை மனிதவள அமைச்சு கட்டுப்படுத்த முடியும். வெளிநாட்டு ஊழியர்களை நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு அது பெரிய அடி.

வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2027 இறுதிக்குள் நடப்புக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். உடற்குறையும் மனநலப் பிரச்சினையும் அதில் பாதுகாக்கப்படும் தன்மைகள். அந்தச் சட்டம் முக்கியமாகப் பார்ப்பது முடிவை: உங்களை எடுக்காததற்குக் காரணம் காதுதானா? கேட்ட கேள்வி அதற்குச் சான்று. நீங்கள் எழுதி வைக்கும் குறிப்புக்கு அதனால்தான் இவ்வளவு மதிப்பு.

கேள்வி: விண்ணப்பப் படிவத்தில் ‘மனநோய் உண்டா, ஆம்/இல்லை’ என்று இருக்கிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். ‘இல்லை’ என்று போடலாமா?
– வாசகர், செங்காங்

பதில்: ‘இல்லை’ என்று போடாதீர்கள். பொய்த் தகவல் கொடுத்தார் என்று பின்னால் வேலையை விட்டு நிறுத்த அதுவே காரணமாகலாம். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், அல்லது ‘வேலைக்குத் தொடர்புள்ள தேவை இருந்தால் நேரில் பேசத் தயார்’ என்று எழுதுங்கள். வேலைக்கு அவசியமில்லாமல் மனநல விவரத்தைப் படிவத்தில் கேட்கக்கூடாது என்று டஃபெப் 2020இலேயே சொல்லிவிட்டது. இணையப் படிவம் பதில் இல்லாமல் மேலே போக விடாவிட்டால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு, எதற்காகக் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். பலர் ஏதோ பழைய படிவத்தை அப்படியே வைத்திருப்பார்கள், கேட்டதும் எடுத்துவிடுவார்கள். பேருந்து, டாக்சி ஓட்டுநர் உரிமத்துக்கான மருத்துவச் சோதனை வேறு விஷயம். அங்கே டாக்டரிடம் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: நாங்கள் 12 பேர் வேலை செய்யும் அச்சகம். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் வடிவமைப்பு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். மனம் புண்படாமல் என்ன கேட்கலாம்?
– வாசகர், காக்கி புக்கிட்

பதில்: முதலில் அந்த வேலையில் உண்மையில் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். காகிதப் பெட்டியைத் தூக்குவது பட்டியலில் இருந்தால், அது வடிவமைப்பாளரின் வேலையா, கை காலியாக இருப்பவர் யாரும் செய்வதா என்று யோசியுங்கள். மிச்சமிருப்பதை வரும் எல்லாரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள்: “வேலை இது, எப்படிச் செய்வீர்கள்?” அவரிடம் கூடுதலாகக் கேட்க வேண்டியது ஒன்றுதான், அதையும் இன்டர்வியூவுக்கு அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்: “வருவதற்கு ஏதாவது ஏற்பாடு வேண்டுமா?”

25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குப் புதிய சட்டம் தொடக்கத்தில் பொருந்தாது. ஆனால் முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் உங்களுக்கும் உண்டு.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். உடற்குறையுள்ளோருக்கு உதவ லெங்கோக் பாருவில் இயங்கும் எஸ்ஜி எனேபல் அமைப்பிடம் பேசுங்கள். வேலையிடத்தை மாற்றியமைக்க மானியம் உண்டு. சக்கர நாற்காலிக்கு ஏற்ற மேசையை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு ரசீதோடு போவதுதான் பலர் செய்யும் தவறு. ஒப்புதல் வந்த பிறகு வாங்குங்கள். மாதம் 4,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் உடற்குறையுள்ள சிங்கப்பூரருக்கு, சம்பளத்தில் 20 விழுக்காடு வரை, மாதம் 400 வெள்ளி உச்சவரம்போடு அரசாங்கம் முதலாளிக்குத் திருப்பித் தருகிறது.

அவர் வருவதற்கு முந்தின நாள் அளவுநாடாவோடு வாசலிலிருந்து இன்டர்வியூ அறை வரை நடந்து பாருங்கள். கதவைத் திறந்து வைத்து, கதவின் முகப்பிலிருந்து எதிர்ப்பக்கக் கதவு நிலை வரை 850 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சுவரிலுள்ள திறப்பை அளந்தால் கணக்கு தப்பிவிடும். நடைவழியில் அடுக்கிய காகிதக் கட்டுகளை ஓரமாக எடுங்கள். உடற்குறையுள்ளோர் கழிவறையில் துடைப்பமும் வாளியும் போட்டுப் பூட்டி வைத்திருந்தால், காலி செய்து சாவியை முகப்பு மேசையில் கொடுத்து வையுங்கள்.