அமெரிக்கா பிரிட்டனோடே இருந்திருந்தால்? கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் 13 காலனிகளும் 1776-இல் பிரியாமல் பிரிட்டிஷ் அரசின் கீழேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நண்பர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். 1763 முதல் 1783 வரையிலான காலம் நான் பல வருடங்களாகப் படித்துவருவது. 1850 வரை ஓரளவு துணிந்து பேசுவேன். அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றிக் கேட்டால் சுருக்கமாகத்தான் பதில் வரும். ஒரு வேண்டுகோள்: ஒன்றை மாற்றினால் அதிலிருந்து விளைந்தவையும் மாறும். அடிக்கல்லை உருவிவிட்டு மேல்மாடி அப்படியே நிற்கும் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: பிரியாமல் இருக்க உண்மையிலேயே வாய்ப்பு இருந்ததா? எந்த இடத்தில் வரலாறு திரும்பியிருக்கலாம்?

இருந்தது, பல தடவை. ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் சுமார் 7.5 கோடி பவுண்டிலிருந்து 13 கோடிக்கு மேல் ஏறியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைச் செலவில் காலனிகளும் பங்கு தரட்டும் என்று 1765-இல் முத்திரை வரி போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 1766 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். காலனி மக்கள் கொண்டாடினார்கள்; அந்த மகிழ்ச்சியில் நியூயார்க் மூன்றாம் ஜார்ஜுக்குச் சிலை வைக்கவே முடிவு செய்தது. பத்து வருடம் கழித்து, 1776 ஜூலையில், அதே சிலையை இழுத்துத் தள்ளினார்கள். அந்தப் பத்து வருடத்துக்குள்தான் எல்லாம் நடந்தது. வரியை எடுத்த கையோடு, காலனிகளை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தும் உரிமை பாராளுமன்றத்துக்கு உண்டு என்று தனியாக ஒரு சட்டத்தையும் நிறைவேற்றி வைத்தார்கள். காசை விட்டுக்கொடுத்தார்கள், அதிகாரத்தை விடவில்லை.

என்னைக் கேட்டால் 1774 செப்டம்பர் 28 என்பேன். பிலடெல்பியாவில் கூடிய முதல் மாநாட்டில் பென்சில்வேனியாவின் ஜோசப் கேலோவே ஒரு திட்டம் வைத்தார். காலனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும். அரசர் ஒரு தலைவரை நியமிப்பார். காலனிகள் சம்பந்தமான சட்டத்துக்கு அந்த மன்றம், லண்டன் பாராளுமன்றம் இரண்டின் ஒப்புதலும் வேண்டும். காலனிக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில், ஒரே வாக்கு வித்தியாசத்தில் அது தள்ளிவைக்கப்பட்டது. பிறகு மாநாட்டின் குறிப்பிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

அது நிறைவேறியிருந்தாலும் லண்டன் ஏற்றிருக்குமா என்பது அடுத்த கேள்வி. அந்த நவம்பரிலேயே மூன்றாம் ஜார்ஜ், இனி அடிதடிதான் முடிவு செய்யும் என்று பிரதமர் நார்த்துக்கு எழுதிவிட்டார். 1775 பிப்ரவரியில் சாத்தம் பிரபு கொண்டுவந்த சமரச மசோதாவைப் பிரபுக்கள் சபை தூக்கிப் போட்டது. ஆகவே பிலடெல்பியாவில் ஒரு வாக்கும் லண்டனில் ஒரு மந்திரிசபையும் சேர்ந்து மாறியிருக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் நடக்கக்கூடியது. எனக்குப் பெரிய வருத்தம் தருவது 1778. பிரிட்டிஷ் படை சரடோகாவில் தோற்ற பிறகு கார்லைல் பிரபு தலைமையில் ஒரு தூதுக்குழுவை அனுப்பி, வரி போட மாட்டோம், உள்விவகாரங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 1774-இல் கேட்டதைவிட இது அதிகம். அதற்குள் பிரான்ஸோடு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது.

கேள்வி: வாஷிங்டனை 1776-இலேயே பிடித்துத் தூக்கிலிட்டிருந்தால் போதுமே?

போரில் ஜெயிப்பது வேறு, காலனிகள் தங்கியிருப்பது வேறு. அப்படி ஜெயித்திருந்தால் ஒவ்வொரு ஊரிலும் படையை நிறுத்த வேண்டும். அந்தச் செலவுக்கு மறுபடியும் வரி போட வேண்டும். சண்டையே அதனால்தானே வந்தது?

கேள்வி: ஒரு தேயிலை வரிக்காகவா இவ்வளவும்? வரியை எடுத்திருந்தால் முடிந்திருக்குமே.

பள்ளிக்கூடப் பாடத்தில் விடுபட்டுப் போகும் விஷயம் இது: 1773 தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையைக் குறைத்தது. ராத்தலுக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரி அப்படியே இருந்தது. புதிதாக எதுவும் போடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது திவாலாகும் நிலையில் இருந்தது. 1770 பஞ்சத்தில் வங்காளம் செத்துக்கொண்டிருந்தது. 1772-இல் லண்டனில் கடன் நெருக்கடி வந்தது. கிடங்குகளில் சீனத் தேயிலை விற்காமல் குவிந்து கிடந்தது. அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. அதோடு கம்பெனி தானே நேரடியாக அமெரிக்காவில் தேயிலை விற்கவும் அனுமதித்தது. போஸ்டனின் வியாபாரிகளும் கடத்தல்காரர்களும் பிழைப்பு போய்விடும் என்று பயந்தார்கள். மற்றவர்களோ, மலிவு விலையைக் காட்டி வரி உரிமையை ஒப்புக்கொள்ள வைக்கும் தந்திரம் இது என்று பார்த்தார்கள். டிசம்பர் 16 இரவு 342 பெட்டிகள் கடலுக்குள் போயின.

மற்ற இறக்குமதி வரிகளை எடுத்த 1770-இலேயே அந்தக் கடைசி 3 பென்ஸையும் எடுத்திருந்தால் என்றால், ஆம், பல வருடம் தள்ளிப்போயிருக்கும். மந்திரிசபையில் அதை வைத்துக்கொள்ளும் முடிவும் ஒரே வாக்கில்தான் நிறைவேறியது.

கேள்வி: அமெரிக்கா இன்று கனடா மாதிரி இருந்திருக்கும், சரிதானே?

இல்லை. ஆரம்பத்தில் சொன்ன எச்சரிக்கை இதற்காகத்தான். நாம் அறிந்த கனடாவே அமெரிக்கப் புரட்சியின் குழந்தை. அரசருக்கு விசுவாசமாக நின்று ஊரை இழந்தவர்கள் ஏறக்குறைய 60,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் வடக்கே போனார்கள். அவர்களுக்காகவே 1784-இல் நியூ பிரன்ஸ்விக் பிரிக்கப்பட்டது. கனடாவுக்கு 1848-இல் பொறுப்பாட்சியும் (தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்குப் பதில் சொல்லும் அரசு) 1867-இல் கூட்டாட்சியும் கிடைத்ததில், அமெரிக்காவை இழந்த பாடத்துக்கும் பக்கத்தில் ஒரு பெரிய குடியரசு இருக்கிறதே என்ற கவலைக்கும் பங்கு உண்டு. புரட்சி இல்லையென்றால் அந்தப் பாடத்தை லண்டன் கற்றிருக்காது. தோல்வியில் கற்றதைத் தோற்காமலே கற்றிருப்பார்கள் என்று வைத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: பிரிட்டன் 1833-இல் அடிமைமுறையை ஒழித்தது. அப்படியானால் அமெரிக்காவிலும் 30 வருடம் முன்னாலேயே, உள்நாட்டுப் போர் இல்லாமல் ஒழிந்திருக்கும் அல்லவா?

இந்தக் கேள்வி இன்று ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்திருக்கிறது. ஒரே இடத்தில் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

1833 சட்டம் தானாக வந்ததல்ல. அடிமை வணிகத்தை மட்டும் நிறுத்தவே 1787 முதல் 1807 வரை 20 வருடம் போராட வேண்டியிருந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குப் பாராளுமன்றத்தில் அவ்வளவு பிடி இருந்தது. 1831 கடைசியில் ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தார்கள். 1832-இல் தேர்தல் சீர்திருத்தம் வந்து அந்த முதலாளிகளின் பிடி தளர்ந்தது. அதற்குப் பிறகுதான் 1833. அப்போதும் விடுதலை பெற்ற சுமார் 8 லட்சம் பேருக்குக் காசு இல்லை. முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு. அரசின் ஒரு வருடச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் அது.

இப்போது தென் காலனிகளைச் சேருங்கள். 1830 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் 20 லட்சம் பேர். அதே கணக்கில், மொத்த நஷ்டஈடு 7 கோடி பவுண்டு ஆகியிருக்கும். ஜமைக்கா முதலாளியோடு வர்ஜீனியா, கரோலைனா முதலாளிகளும் சேர்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் தென்மாநிலப் பருத்தியை நம்பி ஓடிய லங்காஷயர் ஆலைகள் நின்றிருக்கும். 1776-இல் அமெரிக்கா பிரிந்ததால்தான் பிரிட்டனின் அடிமை முதலாளிகளின் பலம் பாதியாகக் குறைந்தது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி (மேலே கேட்டவர்களில் ஒருவர்): ஒப்புக்கொள்ள மாட்டேன். 1772-இலேயே சோமர்செட் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் அடிமைமுறைக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லிவிட்டது. தென் காலனிகள் அந்தப் பயத்தில்தான் பிரிந்தன.

மான்ஸ்பீல்டு பிரபு சொன்னது குறுகிய தீர்ப்பு: இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த ஒருவரை அவர் விருப்பமில்லாமல் நாட்டைவிட்டு வெளியே இழுத்துப் போக முடியாது. காலனிகளை அது தொடவில்லை. அதற்குப் பிறகும் பிரிட்டிஷ் கப்பல்கள் 35 வருடம் ஆப்பிரிக்கர்களை ஏற்றிக்கொண்டு போயின. பயம் வந்தது 1775 நவம்பரில். கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் அரசர் பக்கம் வந்து சண்டை போட்டால் விடுதலை என்று வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் அறிவித்தார். அதற்கு ஏழு மாதம் முன்பே லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்துவிட்டது. டன்மோரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். அரசருக்கு விசுவாசமாக இருந்தவர்களின் அடிமைகளுக்கு அவர் எதுவும் தரவில்லை.

கேள்வி (அதே நண்பர்): அப்படியென்றால் அடிமை முதலாளிகள் தலைமை தாங்கிய புரட்சிதான் நல்லது என்கிறீர்களா?

நான் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வாஷிங்டனின் தோட்டத்திலிருந்து தப்பி ஓடி பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்தவர் ஹாரி வாஷிங்டன். 1783-இல் நியூயார்க் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களின் பேரேட்டில், சுமார் 3,000 கறுப்பின மக்களின் பெயர்களுக்கு நடுவில் அவர் பெயரும் இருக்கிறது. நோவா ஸ்கோஷியா போனார். அங்கே நல்ல நிலமும் இல்லை, மரியாதையும் இல்லை. 1792-இல் சுமார் 1,200 பேரோடு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி, ஃப்ரீடவுன் நகரத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். போர் நடக்காத வரலாற்றில் அவருக்கு அந்தக் கப்பல் கிடையாது. பென்சில்வேனியா 1780-இல் படிப்படியான ஒழிப்புச் சட்டம் போட்டதும், மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 1783-இல் அடிமைமுறையை முடித்ததும் புரட்சியின் சுதந்திரப் பேச்சு கிளப்பிய அலையில்தான். அதே புரட்சி தெற்கில் அடிமைமுறைக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பும் கொடுத்தது. இரண்டும் உண்மை.

என் ஊகம் கேட்டால்: 1833-ஐவிடத் தாமதமாக, 1865-ஐவிட முன்னால். ஆனால் உள்நாட்டுப் போர் இல்லாமல் நடந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. தெற்கு முதலாளிகள் 1861-இல் வாஷிங்டன் நகரத்து அரசை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்தவர்கள். லண்டனை எதிர்த்து எடுத்திருக்க மாட்டார்களா?

கேள்வி: பூர்வகுடிகள் தப்பித்திருப்பார்களா? அரசர் 1763-இல் மலைக்கு மேற்கே குடியேறத் தடை போட்டாரே.

நல்ல கேள்வி. பூர்வகுடித் தலைவர் பாண்டியாக் பிரிட்டிஷாரை எதிர்த்து நடத்திய போர் நடந்துகொண்டிருந்தபோது, அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று அக்டோபர் 7-ஆம் தேதி பிரகடனம் வந்தது. ஆனால் கோடு வரைந்தவர்களே அதை நகர்த்தினார்கள். 1768-இல் ஸ்டான்விக்ஸ் கோட்டை ஒப்பந்தத்தில் ஓஹியோவுக்குத் தெற்கே பெரும் நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். அங்கே வாழ்ந்து வேட்டையாடிய ஷானி மக்களின் சம்மதமில்லாமல் இரோகுவா தலைவர்கள் விற்ற நிலம் அது. அரசர் காகிதத்தில் காப்பாற்றியிருப்பார். வேகம் குறைந்திருக்கும், 1830 வெளியேற்றச் சட்டம் மாதிரி ஒன்று வருவது கடினமாகியிருக்கும். செரோக்கிகளுக்கு ஒரு தலைமுறை அவகாசம் கிடைத்திருந்தால்கூட அது சின்ன விஷயமில்லை. ஆனால் காலனி மக்கள்தொகை சுமார் 25 வருடத்துக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பேரை மலையைத் தாண்ட விடாமல் தடுக்க அரசரிடம் படை இல்லை.

கேள்வி: பிரெஞ்சுப் புரட்சி நடந்திருக்குமா?

அந்த வருடத்தில், அந்த விதத்தில் நடந்திருக்காது. அமெரிக்கப் போருக்காக பிரான்ஸ் 100 கோடி லிவருக்கு மேல் செலவழித்தது, பெரும்பாலும் கடன் வாங்கி. 1788-இல் அரசின் வருவாயில் ஏறக்குறைய பாதி வட்டிக்கே போனது. அதனால்தான் 1789-இல் எஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற பிரதிநிதிகள் மன்றத்தைக் கூட்ட வேண்டி வந்தது. பிறகு நெப்போலியன் வந்திருப்பாரா, லூயிசியானா விற்பனை நடந்திருக்குமா என்று கேட்டவர்களுக்கு: அடிக்கல்லை உருவிய பிறகு மேல்மாடியைக் கேட்கிறீர்கள்.

கேள்வி: தலைநகரம் லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கு மாறியிருக்குமா?

காலனிகள் வரிக்கேற்ற இடங்களோடு பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தால், ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேலான காலத்தில் பேரரசின் இருப்பிடமே அந்தக் கரைக்குப் போய்விடலாம் என்று ஆடம் ஸ்மித் 1776-இலேயே எழுதினார். லண்டன் பிரபுக்களுக்கும் அந்தக் கணக்கு தெரியும். அமெரிக்கர்களுக்கு இடம் கொடுக்க அவர்கள் தயங்கியதில் இதற்கும் பங்கு உண்டு.

கேள்வி: ஹிட்லரைத் தோற்கடித்திருப்பார்களா? டாலர் இருந்திருக்குமா? ஹாலிவுட்?

என் எல்லைக்கு வெளியே.

கேள்வி: அமெரிக்கர்கள் கிரிக்கெட் ஆடியிருப்பார்களா?

பிரிந்த பிறகும் ஆடினார்கள். உலகின் முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டம் 1844-இல் நியூயார்க்கில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே நடந்தது. கனடா ஜெயித்தது.

கேள்வி: 1833-இல் அடிமைமுறை ஒழிந்திருக்குமா?

மேலே மூன்று பதில்கள் இருக்கின்றன. தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: அமெரிக்காவை இழந்ததால்தான் பிரிட்டன் இந்தியா பக்கம் திரும்பியது என்கிறார்கள். காலனிகள் போகாமல் இருந்திருந்தால் நாம் தப்பித்திருப்போமா?

வங்காளத்தின் திவானி உரிமை (வரி வசூலிக்கும் உரிமை) கம்பெனிக்கு 1765-இல் வந்துவிட்டது, முத்திரை வரி போட்ட அதே வருடம். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவர்கள் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள். ஆனால் அந்தப் போர் நம் மண்ணைத் தொட்டது உண்மை. 1778-இல் பிரான்ஸ் அமெரிக்கர்கள் பக்கம் சேர்ந்ததும், ஆங்கிலேயர்கள் இங்கே பிரெஞ்சு இடங்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். 1779-இல் மலபார் கரையில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்த மாஹேயை எடுத்தார்கள். அது தன் பாதுகாப்பில் இருந்த துறைமுகம் என்றார் ஹைதர் அலி. அவருக்குப் பழைய மனக்குறைகளும் இருந்தன: 1769 ஒப்பந்தப்படி மராத்தியருக்கு எதிராக உதவிக்கு வரவில்லை என்ற கோபம் முக்கியமானது. 1780 ஜூலையில் கணவாய்களைக் கடந்து ஆற்காட்டு நாட்டுக்குள் இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படை அழிந்தது. செய்தி அமெரிக்கா வரை போனது. 1782-இல் பென்சில்வேனியாவின் ஒரு போர்க்கப்பலுக்கு ஹைதர் அலி என்றே பெயர். காலனிகள் சமாதானமாக இருந்திருந்தால், இந்தப் படையெடுப்பு குறைந்தபட்சம் வேறு ஒரு வருடத்தில், பிரெஞ்சுக் கடற்படையின் துணையில்லாமல் நடந்திருக்கும்.

யார்க்டவுனில் 1781-இல் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான் 1786-இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தை முற்றுகையிட்டுத் திப்புவின் பாதி நாட்டை வாங்கினார். தோல்வி இல்லாத கார்ன்வாலிஸ் இந்தியாவுக்கு வந்திருப்பாரா என்பது தெரியாது. வேறு ஒருவர் வந்திருப்பார்.

கேள்வி: கடலூரிலிருந்து கேட்கிறேன். எங்கள் ஊருக்கு இந்தப் போரில் பங்கு உண்டு என்று தாத்தா சொல்வார். உண்மையா?

உண்மை. தாத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 1783 ஜூனில் ஆங்கிலப் படை கடலூரை முற்றுகையிட்டது. உள்ளே புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை. ஜூன் 13-ஆம் தேதி கோட்டைக்கு வெளியே கடும் சண்டை. ஜூன் 20-இல் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரானின் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. 25-இல் பிரெஞ்சுப் படை வெளியே வந்து தாக்கித் தோற்றது. ஐரோப்பாவில் இரு நாடுகளும் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்ட நாள் ஜனவரி 20. அந்தச் செய்தி கடலூர் வந்து சேர்ந்தது ஜூன் மாதக் கடைசியில். அமெரிக்க விடுதலைப் போரையொட்டி மூண்ட உலகப் போரின் கடைசிச் சண்டைகள் உங்கள் ஊரில்தான் நடந்தன.