விரல் என்ன செய்தது என்று போன் சொல்ல வேண்டும்

கேள்வி: நான் இறுதியாண்டு மென்பொருள் மாணவன். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களில் தொடுகை அசைவுகளை மேம்படுத்துவதை என் திட்டமாக எடுக்க நினைக்கிறேன். என்னென்ன புதிய அசைவுகளைச் சேர்த்தால் உதவியாக இருக்கும்?

புதிய அசைவு எதையும் சேர்க்க வேண்டாம் தம்பி. இருக்கிற அசைவுகளே எங்களில் பலருக்கு இன்னும் கைக்கு வரவில்லை. ஓர் அசைவு எடுபடாமல் போகும்போது விரல் என்ன செய்தது, ஏன் அது எடுபடவில்லை என்று போன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் திட்டத்துக்கு இந்த ஒன்றே போதும் என்பது என் எண்ணம்.

எனக்கு 11 வயதில் பார்வை முழுதாகப் போய்விட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன், கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநராக வேலை. பொத்தான் வைத்த போன் காலத்தில் 5ஆம் இலக்கத்தின் மேல் இருக்கும் சின்னப் புடைப்பு விரலில் பட்டால் போதும், மற்ற இலக்கங்கள் தானாக வந்துவிடும். தொடுதிரை வந்தபோது எங்களுக்குள் பெரிய பயம் இருந்தது. வழுவழுவென்ற கண்ணாடியில் எதைத் தடவிக் கண்டுபிடிப்பது? பொத்தான் போன்கள் கடைகளிலிருந்து மறைந்தால் நாங்கள் என்ன செய்வது?

அந்தப் பயம் தீர்ந்த கதை உங்கள் திட்டத்துக்கும் பயன்படும். 2008இல் ஷோன் கேன், ஜெஃப்ரி பிக்ஹாம், ஜேக்கப் வொப்ரொக் ஆகிய ஆய்வாளர்கள் 'ஸ்லைட் ரூல்' என்ற முறையைச் செய்து காட்டினார்கள். விரல் திரையில் போகப் போக அடியில் இருப்பதைக் குரல் சொல்லும். பார்வையற்ற பத்துப் பேரை வைத்துச் சோதித்தபோது பொத்தான் கருவியைவிட இது வேகமாக இருந்தது. ஆனால் பிழைகளும் அதிகமாக வந்தன. அடுத்த ஆண்டே அப்பிள் தன் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வொய்ஸ் ஓவர் என்ற திரைவாசிப்பானைக் கொண்டுவந்தது. அன்ட்ரொயிட்டின் திரைவாசிப்பானான டோக்பேக்கில் திரையைத் தடவிக் கேட்கும் வசதி 2011இல் 4.0 பதிப்போடு வந்தது. வேகம் அன்றைக்கே கிடைத்துவிட்டது. பிழைகள்தான் இன்றுவரை எங்களோடு இருக்கின்றன.

கண் தெரிந்தவர்களுக்காக ஒரு விளக்கம். திரைவாசிப்பான் ஓடும் போனில் விரலின் வேலை மூன்று. தடவினால் அடியில் இருப்பதை வாசிக்கும். வலப்பக்கம் சுண்டினால் அடுத்ததற்குப் போகும், இடப்பக்கம் சுண்டினால் முந்தியதற்கு வரும். இரண்டு முறை தட்டினால் அது திறக்கும். மற்ற அசைவுகள் எல்லாம் இவற்றின் மேல் கட்டியவை.

எங்கள் ஃபிளாட்டில் மூன்றாம் மாடியில் ஓர் அன்ரி இருக்கிறார். ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியை. குளுக்கோமாவில் 62 வயதில் பார்வை போனது. ரொறன்ரோவில் இருக்கும் மகள் தான் பாவித்த அன்ட்ரொயிட் போன் ஒன்றை அனுப்பியிருந்தார். போனைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். அன்ரி சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, நான் இழுக்கிறன், அது நிண்ட இடத்திலயே நிக்குது. போன் பழுதோ?"

போனை நான் வாங்கிச் செய்து பார்த்தால் அழகாக வேலை செய்தது. அவர் கைக்குப் போனால் நின்றுவிட்டது. கண் தெரிந்த ஆள் என்றால் பக்கத்தில் நின்று விரலைப் பார்த்துப் பிழையைச் சொல்லியிருப்பார். எனக்கு அது முடியாது. கடைசியில் என் விரலை அவருடைய விரலின் மேல் வைத்துக்கொண்டு, "இப்ப இழுங்கோ அன்ரி" என்றேன். அப்போதுதான் விளங்கியது. சாமிப் படத்தின் தூசியைத் துடைப்பதுபோல மெதுவாக, பக்குவமாக, கண்ணாடிக்கு நோகாமல் இழுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு மெதுவாகப் போனால் போன் அதைத் தடவுதல் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் விரலுக்கு அடியில் இருந்ததையே திரும்பத் திரும்ப வாசித்தது.

"மேசையில கிடக்கிற சோத்துப் பருக்கையைச் சுண்டி விடுங்கோ" என்றேன். மூன்றாவது தடவையில் வந்துவிட்டது. "இதை முதலே ஆராவது சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் கேட்டது நியாயம். போனின் தமிழ்க் குரல் 'ஸ்வைப் செய்யவும்' என்றுதான் சொல்லியிருக்கிறது. 30 வருடம் தமிழ் படிப்பித்தவருக்கு அந்தச் சொல் எதையும் உணர்த்தவில்லை. சுண்டு என்ற சொல்லுக்குள் வேகமும் இருக்கிறது, விரலின் வடிவமும் இருக்கிறது. தமிழாக்கம் செய்பவர்கள் இதைக் கவனித்தால் ஒரு வரி கூட நிரல் எழுதாமலே பாதி உதவி கிடைத்துவிடும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? அன்ட்ரொயிட்டின் மூலநிரல் திறந்தே இருக்கிறது, நீங்களே வாசிக்கலாம். விரல் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்தால்தான் அசைவு என்று கணக்கில் எடுக்கும். அந்தத் தூரத்தைக் கடக்கக் கிடைப்பது ஒரு விநாடியில் சின்னப் பங்குதான். அதற்குள் கடக்காவிட்டால் 'இவர் தடவுகிறார்' என்று முடிவு கட்டிவிடும். நீங்கள் கைவைக்க வேண்டிய இடம் இதுதான். விரல் நேர்கோட்டில் வலப்பக்கம் நாலு சென்ரிமீற்றர் போனதும் போனுக்குத் தெரியும், மெதுவாகப் போனதும் தெரியும். தெரிந்தும் அதைச் சொல்லாமல் எறிந்துவிடுகிறது. 'வலப்பக்கம் இழுத்தீர்கள், இன்னும் வேகமாகச் சுண்டுங்கள்' என்று சொல்லத் தேவையான எல்லாமே அதன் கையில் இருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்லக் கூடாது. நானே எத்தனையோ தடவை வேண்டுமென்றே மெதுவாக வலப்பக்கம் தடவிப் போவேன். அப்போதெல்லாம் போன் எனக்குப் பாடம் எடுத்தால் அதை அணைத்து வைத்துவிடுவேன். ஒரே இடத்தில் இருந்துகொண்டு ஒரே மாதிரி இரண்டு மூன்று முறை முயன்று, வேறெதுவும் நடக்காவிட்டால் அப்போது சொல்லட்டும். பழகியவர்களுக்குப் பேச்சுக்குப் பதில் ஒரு சின்ன அதிர்வு போதும். தடவுதலாக எடுத்தால் ஒரு விதம், பாதியில் முறிந்த அசைவுக்கு வேறு விதம்.

பயிற்சித் திரைகள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். வொய்ஸ் ஓவரிலும் டோக்பேக்கிலும் பயிற்சிப் பகுதி உண்டு, செய்த அசைவின் பெயரை அங்கே சொல்லும். விண்டோஸுக்கான இலவசத் திரைவாசிப்பான் என்விடிஏயிலும் உள்ளீட்டு உதவி என்ற பயிற்சி முறை உண்டு. பார்வையற்றவர்களான மைக்கல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் உருவாக்கியது அது. 2012இல் தொடுதிரை வசதியும் சேர்ந்தது. ஆனால் பயிற்சித் திரையில் நன்றாகச் செய்தவர் வெளியே வந்ததும் தடுமாறுகிறார், ஏனென்றால் வெளியே அந்தக் குரல் இல்லை. நீச்சல் பழகும் பிள்ளையைப் பிடித்திருந்த கையைக் கடலுக்குள் இறங்கியதும் எடுத்துவிடுவது போன்ற வேலை.

2011இல் கேன், வொப்ரொக், லாட்னர் மூவரும் செய்த இன்னொரு ஆய்வைக் கட்டாயம் தேடி வாசியுங்கள். அசைவுகளைப் பார்வையற்றவர்களையே உருவாக்கச் சொல்லிக் கேட்டார்கள். திரையின் விளிம்பையும் மூலைகளையும் பிடித்துக்கொண்டு செய்யும் அசைவுகளை அவர்கள் விரும்பினார்கள். விளிம்பு கைக்குத் தட்டுப்படும், அதனால் அது எங்களுக்கு அடையாளம். நேரத்தை வைத்து அசைவைத் தீர்மானிப்பதைக் குறையுங்கள் என்பது ஆய்வாளர்கள் தந்த அறிவுரைகளில் ஒன்று. இத்தனை வருடம் கழித்தும் அன்ரியின் விரல் அந்த நேரக் கணக்கில்தான் மாட்டிக்கொண்டது. ஐபோனில் இரட்டைத் தட்டலுக்கான இடைவெளியைக் கூட்டிக்கொள்ள முடியும், அது நல்ல வசதி. சுண்டும் வேகத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதை அமைப்புகளுக்குள் ஏழு படி தள்ளி ஒளித்து வைக்காமல், முதல் நாள் பயிற்சியில் பத்துத் தடவை சுண்டச் சொல்லி அந்த ஆளின் வேகத்தைப் போனே அளந்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, கைகள். வேலைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியால் போவேன். ஒரு கை மேல் கம்பியில். மடித்த வெள்ளைப் பிரம்பு கக்கத்தில். மிஞ்சுவது ஒரு கையின் பெருவிரல் மட்டும். அந்த நேரத்தில் இரண்டு விரல், மூன்று விரல் அசைவுகள் எல்லாம் எனக்கு இல்லாததற்குச் சமம். டோக்பேக்கில் பலவிரல் அசைவுகள் 2021இல் வந்தன, அதற்கும் அன்ட்ரொயிட் 11 வேண்டும். இங்கே பலர் கையில் இருப்பவை வெளிநாட்டுச் சொந்தங்கள் பாவித்து அனுப்பிய பழைய போன்கள். பழைய டோக்பேக் அசைவுகளோ திரும்பும் வகை. பின்னுக்குப் போகக் கீழே இழுத்து இடப்பக்கம் திருப்ப வேண்டும். பெருவிரலால், ஆடுகிற பஸ்ஸில், சித்திரை வெயிலில் வேர்த்த விரலோடு அதைச் செய்து பாருங்கள். வேர்வையில் விரல் கண்ணாடியில் ஒட்டித் திருப்பத்தில் நின்றுவிடும், அசைவு முறிந்துவிடும். ஆகவே எந்த வேலைக்கும் ஒரு விரலில் முடியும் வழி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்வது பற்றியும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்கு நீண்டநாள் ஆதங்கம் உண்டு. விசைப்பலகையில் விரலை நகர்த்தி எழுத்தைக் கேட்டு, விரலை எடுத்தால் அந்த எழுத்து விழும். ஆங்கிலத்தில் விரலைக் கொஞ்சம் பொறுத்து வைத்திருந்தால் பி என்ற எழுத்துக்கு 'பிராவோ' என்றும் டி என்ற எழுத்துக்கு 'டெல்டா' என்றும் சொல்லித் தரும். தமிழில் ன, ண, ந மூன்றும் பஸ் சத்தத்துக்குள் ஒன்றுதான். ல, ள அப்படியே. ர, ற அப்படியே. இதற்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்று பெயர்கள் நம்மிடம் ஏற்கனவே இருக்கின்றன. விரலைப் பொறுத்து வைத்தால் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். இதை அன்ரியிடம் சொன்னபோது அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும், வகுப்பறைக்குத் திரும்பிப் போனவர்போல ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார்.

பிரெய்ல் தெரிந்தவர்கள் திரையிலேயே ஆறு விரல் வைத்து எழுதலாம். வொய்ஸ் ஓவரில் 2014 முதல், டோக்பேக்கில் 2020 முதல் அது உண்டு. ஆனால் வயது போன பிறகு பார்வை இழந்தவர்களுக்கு அது பெரும்பாலும் கைகொடுக்காது.

திரைவாசிப்பான் எவ்வளவு நன்றாக இருந்தாலும் செயலி கெடுத்துவிட முடியும். நான் பாவிக்கும் ஒரு வங்கிச் செயலியில் காசு அனுப்பும் கடைசிப் படி, ஒரு வட்டத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுப்பது. அந்த வட்டம் எங்கே தொடங்குகிறது என்றே குரல் சொல்லாது. இரண்டு முறை தட்டி, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்து இழுத்தால் சிலவேளை போகும், சிலவேளை போகாது. போனதா இல்லையா என்று தெரியாமல் காசு விஷயத்தில் நிற்பது எவ்வளவு நெஞ்சிடி தெரியுமா? ஒரு தடவை பக்கத்தில் இருந்தவரிடம் போனைக் கொடுத்து இழுக்கச் சொன்னேன். என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துபோனது. எங்களைப் போன்றவர்களும் பாவிக்கும்படி இணையத்தை அமைக்கச் சொல்லும் இணைய அணுகல் நெறிகளின் (WCAG) 2.1ஆம் பதிப்பு 2018இலேயே, கோடு போட்டுச் செய்யும் அசைவுக்கும் பலவிரல் அசைவுக்கும் எளிய மாற்று வேண்டும் என்றது. 2023இல் வந்த 2.2 இழுத்து நகர்த்தும் வேலைகளுக்கும் அதையே கேட்கிறது. அந்த வட்டத்தின் பக்கத்தில் 'உறுதிசெய்' என்று ஒரு பொத்தான் வைத்தால் முடிந்தது.

அப்புறம், தொடங்கும் முன் ஒரு வாரமாவது நீங்களே பாவித்துப் பாருங்கள். பல அன்ட்ரொயிட் போன்களில் ஒலி கூட்டும் குறைக்கும் பொத்தான் இரண்டையும் சில விநாடிகள் சேர்த்து அழுத்தினால் டோக்பேக் வரும். ஐபோனில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை கறுத்துவிடும், குரல் மட்டும் இருக்கும். ஆனால் உங்கள் விரல் இளம் விரல், வேகமானது. ஆகவே அறுபது தாண்டிய, அண்மையில் பார்வை இழந்தவர்களோடு உட்காருங்கள். அவர்கள் விரல் போன பாதையை, எடுத்த நேரத்தைப் பதிவுசெய்யுங்கள். ஆனால் அவர்கள் எதை எழுதினார்கள், எதை வாசித்தார்கள் என்பதைப் பதியவே வேண்டாம்.

உங்கள் கேள்வியை நேற்று அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். சனிக்கிழமை காலைகளில் இப்போது அவர் வீட்டில் நாங்கள் நாலு பேர் கூடுகிறோம், எல்லோர் கையிலும் வேறு வேறு போன். முதல் வடிவம் தயாரானதும் கொண்டு வாருங்கள், நாலிலும் போட்டுப் பார்க்கலாம். "அந்தப் பிள்ளையிட்ட கடவுச்சொல் அடிக்கிற இடத்தையும் பாக்கச் சொல்லுங்கோ" என்று அன்ரி சொல்லி அனுப்பினார். அங்கே அவர் அடிக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் போன் 'புள்ளி, புள்ளி' என்றுதான் சொல்கிறதாம். எட்டுப் புள்ளியில் எது பிழைத்தது என்று கண்டுபிடிக்க அவருக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.