இடப்பக்க டயர் மட்டும் ஏன் வெடிக்கிறது? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: பெரம்பூரில் டிபன் டிரெய்லர் நடத்திப் பிழைக்கிறோம். இரண்டு ஆக்ஸில், நான்கு சக்கரம். பிக்கப்பில் கட்டி இழுக்கிறோம். தோசைக்கல், 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டு சிலிண்டர் எல்லாம் இடப்பக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது இடப்பக்கப் பின் டயர் வெடித்தது. அதை மாற்றி மூன்று வாரத்தில் அதே பக்கத்து முன் டயரும் போனது. டயரில் 165/80 ஆர்14 85டி என்று இருக்கிறது. கட்டிக்கொடுத்த பட்டறையில், "வண்டி 1,700 கிலோ, நாலு டயரும் சேர்ந்து 2,060 கிலோ தாங்கும், டயர்தான் மட்டம்" என்கிறார்கள். டயர் கடையில், "ஓவர்லோடு, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். யார் சொல்வது சரி? இனி எந்த டயர் போடுவது?

பதில்: டயர் கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் அந்த ஓவர்லோடு உங்களால் வந்ததல்ல. பட்டறையை விட்டு வெளியே வந்த அன்றே அந்த வண்டிக்குப் போதாத டயர்தான் மாட்டியிருந்தது.

85 என்பது சுமை எண். அதன்படி ஒரு டயர் 515 கிலோ தாங்கும். நான்கால் பெருக்கினால் 2,060 வருவதும் உண்மை. ஆனால் பட்டறை சொல்லும் 1,700 கிலோ, எதுவும் ஏற்றாத காலி வண்டியின் எடை. தொட்டி நிறையத் தண்ணீர் 200 கிலோ. 19 கிலோ வணிக சிலிண்டர் இரும்போடு சேர்த்து 37 கிலோவுக்குக் குறையாது. இரண்டுக்கும் 75 என்று வையுங்கள். மாவு, எண்ணெய், அரிசி, பாத்திரம் 150. மொத்தம் 2,125 கிலோ ஆகிவிட்டது. அதில் பத்து சதவீதம் கொக்கி வழியாகப் பிக்கப் மேல் ஏறும் என்று கழித்தாலும், சக்கரங்களுக்கு 1,912 கிலோ மிஞ்சும். கனமான சாமான் எல்லாம் இடப்பக்கம் இருப்பதால் அதில் 55 சதவீதம், அதாவது 1,052 கிலோ, இடப்பக்க இரண்டு டயர்களுக்குப் போகிறது. அதைச் சரிபாதி பிரித்தாலே டயருக்கு 526 கிலோ, அளவைத் தாண்டிவிட்டது. டிரெய்லரின் மூக்கு சற்றுத் தூக்கியிருந்தால் பின் ஆக்ஸில் கூடுதலாகச் சுமக்கும். அதற்கும் 55 சதவீதம் என்று கொண்டால் இடது பின் டயரின் மேல் 578 கிலோ. முதலில் வெடித்தது அந்த டயர்தான்.

இன்னொரு விஷயம். இது கார் டயர். காருக்கான டயரை டிரெய்லரில் மாட்டினால் அதன் சுமை அளவை 1.10 ஆல் வகுத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. உயரமான வண்டி ஆடும்போது பாரம் ஒரு பக்கம் சாயும். அதற்கான ஒதுக்கீடு அது. அந்தக் கணக்கில் உங்கள் டயர் 468 கிலோதான் தாங்கும். நான்கும் சேர்ந்தால் ஏறக்குறைய 1,872. பாரத்தை இரு பக்கமும் சமமாக ஏற்றியிருந்தால்கூடப் போதாது.

மூன்று வாரத்தில் அடுத்த டயர் போனதும் தற்செயல் அல்ல. இரட்டை ஆக்ஸிலில் ஒரு டயர் காற்று இழந்தால் வண்டி சட்டென்று சாயாது. பிக்கப் ஓட்டுபவருக்குத் தெரியவரும்போது ஓரிரு கிலோமீட்டர் ஓடியிருக்கும். அவ்வளவு தூரமும் அதே பக்கத்து மற்ற டயர் இரண்டு டயரின் சுமையைத் தனியாகச் சுமக்கிறது. உள்ளே கம்பி அடுக்கு ரப்பரை விட்டுப் பிரியத் தொடங்கும். வெளியே பட்டன் (தரையில் படும் ரப்பர்ப் பகுதி) புதிதுபோலவே இருக்கும். அதனால் ஒன்று வெடித்தால் அதன் ஜோடியையும் ரிம்மிலிருந்து கழற்றி உட்புறம் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் துகள் கொட்டினாலோ, உட்சுவரில் வளையமாகச் சுருக்கம் விழுந்திருந்தாலோ, பட்டன் ஓரிடத்தில் புடைத்திருந்தாலோ அந்த டயரை ஸ்டெப்னியாகக்கூட வைக்காதீர்கள்.

இனி வாங்குவது. உங்கள் ரிம் 14 அங்குலம். சிறிய சரக்கு வண்டிகளுக்கு வரும் 165 ஆர்14 எல்டி, 8 பிளை (டயரின் பலத்தைக் குறிக்கும் எண்) டயரைக் கேளுங்கள். சுமை எண் 97/95 இருக்க வேண்டும். 97 என்றால் 730 கிலோ. நான்கும் சேர்ந்து 2,920. அதிகம் சுமக்கும் டயருக்கும் தாராளமாக இடம் இருக்கும். உயரமும் பழைய டயரை ஒட்டியே வருவதால் மட்கார்டில் இடிக்காது. "இன்னும் பெரிசா போடலாம்" என்று 185 ஆர்14 காட்டுவார்கள். அது 850 கிலோ தாங்கும், ஆனால் விட்டம் சுமார் 3 சென்டிமீட்டர் கூடும். முன், பின் டயர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அதே அளவு குறையும். அளக்காமல் வாங்காதீர்கள்.

97/95 என்று இரண்டு எண் இருப்பதில் பலர் ஏமாறுகிறார்கள். முதல் எண் தனி டயருக்கு. இரண்டாவது, லாரிப் பின்சக்கரம்போல ஒரே முனையில் பக்கத்துப் பக்கத்தில் ஜோடியாக மாட்டுவதற்கு. உங்களுடையது ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் தனி டயர். ஆகவே முதல் எண்தான்.

டயரை மட்டும் மாற்றினால் போதாது. 8 பிளை டயருக்கு சுமார் 65 பிஎஸ்ஐ காற்று வேண்டும். சைடுவாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள். கார்களுக்குப் போடும் சாதாரண ரப்பர் வால்வின் உச்சமே 65 தான். எனவே உலோக வால்வு போடுங்கள். ரிம்முக்கும் சுமை அளவு உண்டு. கார் ரிம் என்றால் பட்டறையில் எழுத்தில் கேளுங்கள். காற்றைக் காலையில், வண்டி நகரும் முன் பாருங்கள். பழக்கத்தில் 30 அடித்துவிட்டு ஓட்டினால் 730 கிலோ டயரும் அந்தச் சுமையைத் தாங்காது; சைடுவால் நசுங்கி நசுங்கிச் சூடேறும். டயர் வெடிப்பதில் பெரும்பகுதி இந்தச் சூடுதான். ஓடிச் சூடான டயரில் அளவு கூடத்தான் செய்யும். அதைத் திறந்து குறைக்காதீர்கள்.

அடுத்து எடை. தண்ணீர், சிலிண்டர், சாமான் எல்லாம் ஏற்றியபடி லாரி எடை மேடைக்குப் போங்கள். மாதவரம் பக்கம் நிறைய உண்டு. தரைமட்டமாக உள்ள மேடையாகப் பாருங்கள். பிக்கப்பைக் கழற்றாமல், அது மேடைக்கு வெளியே நிற்க, டிரெய்லரின் இரண்டு ஆக்ஸிலும் மேலே இருக்கும்படி ஒரு எடை. பின் ஆக்ஸில் மட்டும் ஒரு எடை. இடப்பக்கச் சக்கரங்கள் மட்டும் ஒரு எடை. மூன்று சீட்டுக்கும் சில நூறு ரூபாய் ஆகும், புது டயரின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. எந்த டயரும் தன் அளவில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர்த் தொட்டியை வலப்பக்கம் மாற்றுங்கள்.

வண்டிக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். இரண்டு லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே, சீசாப் பலகைபோல ஆடும் ஈக்வலைசர் துண்டு இருக்க வேண்டும். அது இல்லாமல் இரண்டையும் தனித்தனியாக வெல்டிங் செய்திருந்தால், ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு ஆக்ஸில் அந்தரத்தில் தொங்க, மற்றது முழுப் பாரத்தையும் வாங்கும். ஈக்வலைசர் இருந்தாலும் அதன் புஷ் (அது ஆடும் இடத்தில் உள்ள வளையம்) தேய்ந்திருந்தால் அதே கதிதான். இரட்டை ஆக்ஸிலை நின்ற இடத்தில் ஒடித்துத் திருப்பும்போது டயர்கள் உருளாமல் பக்கவாட்டில் இழுபடுகின்றன. சந்துக்குள் முடிந்தவரை அகலமாக வளையுங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டியது பட்டறையிடம்; டயர் நிறுவனத்திடம் அல்ல. வெடித்த டயர்களைத் தூக்கிப் போடாதீர்கள். எடைச் சீட்டு, பட்டறை ரசீது, சைடுவால் படம் சேர்த்து முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியதற்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்று வாதிடுவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: அண்ணா நகரில் இருக்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் மகன் பழைய இரட்டை ஆக்ஸில் டிராவல் டிரெய்லர் (காரில் இழுத்துப்போய்த் தங்கும் வண்டி) வாங்கப் போகிறான். "டயரில் பட்டன் முழுசா இருக்கு" என்கிறான். போதுமா?

பதில்: போதாது. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட, நின்றே வயதாகிச் சாவதுதான் அதிகம். சைடுவாலில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 2319 என்றால் 2019 இன் 23 ஆவது வாரம். அந்த நான்கு இலக்கம் வண்டியின் அடிப்பக்கம் பார்க்கும் சைடுவாலில் மட்டும் இருக்கலாம். ஆறு ஆண்டு தாண்டியிருந்தால் நான்கு புது டயருக்கான பணத்தை விலையில் குறைக்கச் சொல்லலாம்.

அங்கே டிரெய்லருக்கென்றே எஸ்டி என்று தொடங்கும் டயர் உண்டு. எஸ்டி225/75ஆர்15 அளவில் லோட் ரேஞ்ச் (சுமைத் தரம்) டி என்றால் 65 பிஎஸ்ஐயில் 2,540 பவுண்டு. ஈ என்றால் 80 பிஎஸ்ஐயில் 2,830. டிரெய்லரின் இடது முன்பக்க ஸ்டிக்கரில் ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் உச்ச எடை இருக்கும். ஆக்ஸில் 5,000 பவுண்டு என்றால் இரண்டு டி டயர் 5,080 தாங்கும். மிச்சம் 80 பவுண்டுதான். ஈ போடச் சொல்லுங்கள், ரிம் 80 பிஎஸ்ஐ தாங்குமா என்று பார்த்துவிட்டு.